வெயிலாட்சி கேட்ட உயரம்

அந்தக் காலத்தில் கல்லுக்கு வாய் இருந்தது, பனைக்கு வாய் இருந்தது, கழுதைக்கும் காக்கைக்கும் வாய் இருந்தது. தலையில் ஏறிய சுமைக்கும் வாய் இருந்தது. மண்ணுக்கும் வாய் இருந்தது, ஆனால் அதற்கு இன்னும் எதன் ருசியும் தெரியாது.

அப்போது கடற்கரையில் உப்பு விளைத்துப் பிழைக்கும் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் உப்பைப் பனையோலைப் பெட்டிகளில் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு, செம்மண் பொட்டலைத் தாண்டி உள்நாட்டு ஊருக்குப் போவார்கள். அங்கே உப்பைக் கொடுத்துக் கம்பு வாங்கி வருவார்கள். பொட்டலில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மெழுகிய தரை மாதிரி ஒரே மட்டம். பாதி வழியில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. அதன் அடியில் மூன்று கற்கள் கிடந்தன. ஒன்று பலகை போல அகலமானது. மற்ற இரண்டும் நெட்டைக் கற்கள். யார் கொண்டுவந்து போட்டார்கள் என்பது அந்தக் கற்களுக்கே ஞாபகம் இல்லை.

உப்பு சுமக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்தில் ஒருத்தி மட்டும் சுமை இல்லாமல் வருவாள். உப்புப் பெட்டி, ஒருத்தியாகத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாத கனம். ஏற்றிவிட இன்னொரு கை வேண்டும், இறக்கிவிடவும் வேண்டும். தலையில் பெட்டி இருக்கிறவள் குனிய முடியாது, குனிந்தால் கழுத்து போய்விடும். ஆகையால் குனிவதற்கென்றே ஒருத்தி. அவளை வெறுங்கைக்காரி என்பார்கள்.

இதில் ஒரு விஷயம் இருந்தது. பெட்டியைத் தூக்கும்போது, தூக்குகிறவள் படும் பாடு கை வழியாக ஏறிப் பெட்டிக்குள் போய் உட்காரும். எவ்வளவு கனமோ அவ்வளவு பாடு, எவ்வளவு உயரமோ அவ்வளவு பாடு. பெட்டி மேலே இருக்கும்வரை அது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். பையப் பைய இறக்கினால் விழித்துக்கொண்டு, இறக்குகிறவளின் கைக்கே வந்துவிடும். அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. அதனால் நாளெல்லாம் ஏற்றியும் இறக்கியும் வெறுங்கைக்காரிக்கு அலுப்பே வராது. கொடுத்ததெல்லாம் அவளுக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கூட்டத்து வெறுங்கைக்காரி மாடத்தி. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், எலும்பு கனத்தவள். அவள் தம்பி இருளப்பனின் பெண்டாட்டிதான் வெயிலாட்சி. இருளப்பன் உப்பளத்தில் நின்று நின்று, உள்ளங்கால் வெடித்துப் புண்ணாகி, பாயை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். வீட்டில் கம்பு தீர்ந்துவிட்டது. வெயிலாட்சிக்கோ நெடுங்காலம் கழித்துத் தங்கிய பிள்ளை. வயிறு முன்னே தள்ளி நின்றது.

“ஏட்டி, இந்த நடை நீ வராண்டாம். வயிறு இறங்குன மாதிரி இருக்கு,” என்றாள் மாடத்தி.

“வராம? அடுப்புல உப்பையா காய்ச்ச? உங்க தம்பி உப்புக் கஞ்சி குடிப்பாகளான்னு கேட்டுச் சொல்லுங்க மதினி.”

வெயிலாட்சியின் பேச்சு எப்போதும் அப்படித்தான், வெடுக் வெடுக்கென்று இருக்கும். மாடத்தி பெட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள்.

உச்சி வெயிலில் கூட்டம் பனையடிக்கு வந்து சேர்ந்தது. மாடத்தி ஒவ்வொரு பெட்டியாக இறக்க வந்தாள். முன்னால் நின்றவள் வெயிலாட்சி.

“பொறுங்க மதினி. இப்ப இறக்காண்டாம்.”

“ஏன்ட்டி, தலையிலேயே வச்சுத் தாலாட்டப் போறியா?”

வெயிலாட்சி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பினாள். “எங்க மதினி மூஞ்சியப் பாருங்கட்டி. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி மினுங்குது. நம்ம மூஞ்சியப் பாருங்க, காஞ்ச கருவாடு. கழுத்து ஒடியச் சுமக்கிறவளுக்கும் கம்புல ஒரு பங்கு, கைய வீசிக்கிட்டு வாறவுகளுக்கும் அதே பங்கு.”

“கைய வீசுனா காத்து வரும்லா. நமக்கும் விசிறி வேணும்லா,” என்றாள் காந்தாரி. கூட்டத்தில் வேடிக்கைப் பேச்சு அவளுடையது. எல்லாரும் சிரித்தார்கள், பெட்டிகள் குலுங்காமல்.

“உன் பெட்டிய உன் தலைக்கு ஏத்துனது யாருட்டி? காத்தா?” என்று கேட்டாள் மாடத்தி.

“ஏத்துறது கண்ணச் சிமிட்டுற நேரம். சுமக்கிறது ஒரு பகல். இதுல எது பாடு? நீங்களும் சொல்லாண்டாம், நானும் சொல்லாண்டாம். பெட்டியவே கேப்போம். அதுக்குப் பொய் தெரியாது.”

அது உண்மைதான். சுமைகளுக்குப் பொய் தெரியாது. ஆனால் அதுவரை யாரும் எந்தச் சுமையையும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. வெயிலாட்சி கண்ணை மட்டும் மேலே உயர்த்திக் கேட்டாள்.

“ஏ பெட்டி, உனக்குள்ள யாரு பாடு இருக்கு?”

“மாடத்தி பாடு இருக்கிறது,” என்றது பெட்டி. “தரையிலிருந்து உன் தலை வரைக்கும் ஏறின பாடு.”

“என் பாடு?”

“உன் பாடு இல்லை.”

“விடிஞ்சதிலேர்ந்து நடக்கேன். தலையில ஒண்ணு, வயித்துல ஒண்ணு. அது எங்க போச்சு?”

“நீ நடந்தது எனக்குத் தெரியாது,” என்றது பெட்டி. “விடியும்போது எந்த உயரத்தில் இருந்தேனோ, இப்போதும் அதே உயரத்தில்தான் இருக்கிறேன். ஏறினால் எனக்குத் தெரியும், இறங்கினால் தெரியும். மற்றது எதுவும் எனக்குள் வந்து சேரவில்லை.”

பெட்டி இதை வன்மத்தோடு சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. மாடத்திக்கே முகம் வாடிவிட்டது.

“அது கெடக்கு, ஓலப் பெட்டி. அதுக்கு என்ன தெரியும்? நீ தலையக் குடு தாயி, இறக்குதேன்,” என்று கையை நீட்டினாள்.

“ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டாள் வெயிலாட்சி. யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு தலையைச் சாய்த்தாள்.

அதுவரை உலகத்தில் யாரும் ஒரு சுமையைக் கீழே போட்டதில்லை. இறக்கியிருக்கிறார்கள், போட்டதில்லை. பெட்டி தலையை விட்டு நழுவியதும், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பாடு திடுக்கிட்டு விழித்தது. பிடித்துக்கொள்ளக் கை இல்லை. அது ஓடத் தொடங்கியது. இடுப்பைத் தாண்டும்போது பாதித் தூக்கத்தில் ஓடியது. முழங்காலைத் தாண்டும்போது முக்கால் ஓட்டம். தரைக்கு அருகில் வந்தபோது தூக்கம் துளியும் இல்லை, எல்லாமே ஓட்டம். அந்த ஓட்டத்தோடு மண்ணில் போய் முட்டியது. சத்தம் கேட்டுப் பனையில் இருந்த காக்கை பறந்தது. உப்பு சிதறியது. பெட்டி தன் நாக்கைத் தானே கடித்துத் துண்டாக்கிக்கொண்டது.

மாடத்தி ஓடிப் போய் விழுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். மண் சுட்டது. அவளுடைய பாடு முழுவதையும் மண் விழுங்கியிருந்தது. மண்ணுக்கு முதல் முதலாக ஒரு ருசி தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு காந்தாரியின் பெட்டியை மாடத்தி எப்போதும் போலப் பையப் பைய இறக்கினாள். கைக்கு எதுவும் வரவில்லை. அடுத்த பெட்டியிலும் வரவில்லை. இறக்கினாலும் சரி, போட்டாலும் சரி, பாட்டை இனி மண்ணே எடுத்துக்கொண்டது. பெட்டிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று பயந்து எல்லாமே ஊமையாகிவிட்டன. மாடத்தி சிதறிய உப்பை அள்ளிக் கொடுத்து, எல்லாப் பெட்டிகளையும் மறுபடி ஏற்றினாள். கொடுத்தது திரும்பாமல், கொடுத்துக்கொண்டே இருந்தாள். கம்போடு ஊர் திரும்பியபோது அவள் கைகள் தூக்கவே வராமல் தொங்கின. கடைசிப் பெட்டியை இறக்கும்போது பெட்டியோடு சேர்ந்து அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

காந்தாரிதான் முதலில் சொன்னாள். “தூக்கிவிடுறவளையே தூக்கிவிட ஒரு ஆள் வேணும்னா, பிறகு அவ எதுக்கு?”

மற்றவர்களும் யோசித்தார்கள். இங்கே ஏற்றிவிட உப்பளத்து ஆண்கள் இருக்கிறார்கள். அங்கே இறக்கிவிட உள்நாட்டு ஊரார் இருக்கிறார்கள். நடுவில் இருப்பது மட்டமான வழி. மட்டத்தில் நடப்பது பாடே இல்லை என்று பெட்டியே சொல்லிவிட்டது. பாடே இல்லாத வழியில் எதற்கு இறக்கி எதற்கு ஏற்றுவது? நிற்காமல் நடந்துவிட்டால் ஆயிற்று. மாடத்தியும் ஒரு பெட்டி சுமக்கட்டும், கம்பு கூடுதலாகக் கிடைக்கும்.

“நடுவழியில ஒருத்திக்கு முடியலைன்னா?” என்று மாடத்தி கேட்டாள்.

“முடியாம போக அங்க என்ன இருக்கு? அதுதான் பாடே இல்லையே,” என்றாள் காந்தாரி.

சிலர் சிரித்தார்கள். வெயிலாட்சி சிரிக்கவில்லை. கேள்வியைக் கேட்டவள் அவள், போட்டவளும் அவள். வாயைத் திறக்க அவளுக்கு முகம் இல்லை.

கொண்டுவந்த கம்பு கொஞ்ச நாளில் தீர்ந்தது. அடுத்த நடைக்கு எல்லாருமே பெட்டியோடு கிளம்பினார்கள். மாடத்தி முதல் முதலாகத் துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். வெறுங்கை என்று கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

வெயில் ஏற ஏற வெயிலாட்சி பின்னால் விழுந்தாள். இடுப்பில் ஒரு வலி வந்து போனது. பிறகு வந்தது போகவில்லை. பனை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அவள் கூப்பிட்டாள்.

“மதினி!”

மாடத்தி உடம்போடு திரும்பினாள். இருவருக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். ஆனால் இருவர் தலையிலும் பெட்டி.

“என்னட்டி?”

“ஒண்ணு இறக்கி வைக்கணும் போல இருக்கு. தலையில உள்ளதையாவது.”

மாடத்தி நின்றாள். தன் பெட்டியைக் கீழே போட்டால் இவளுடையதை இறக்கலாம். மறுபடி இவளுக்கு ஏற்றிவிடவும் செய்யலாம். ஆனால் தன்னுடையதை யார் ஏற்றுவார்கள்? உப்பு பொட்டலில் கிடக்கும். அது போனால் வீட்டில் பாதிப் பேருக்குக் கஞ்சி இல்லை. முன்னால் போனவர்கள் திரும்பாமல் கத்தினார்கள், “நிக்காதீங்க! நின்னா அங்கனயே நிக்க வேண்டியதுதான்!”

“பெட்டியக் கீழ போட்டுட்டு வா தாயி. உப்பு போனா போகுது,” என்றாள் மாடத்தி.

“ஒரு தடவ போட்டுட்டேன் மதினி. அன்னைக்குப் போட்டது போதும். நீங்க நடங்க. நான் பனைக்குக் கீழ கொஞ்சம் நின்னு வாறேன்.”

“வந்துருவியா?”

“மட்டமான வழிதான. வந்துருவேன்.”

மாடத்தி நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கழுத்து இடம் கொடுக்கவில்லை.

வெயிலாட்சி பனையடிக்கு வந்து நின்றாள். நிழல் ஒரு கயிற்றின் அகலம்தான் இருந்தது.

“பனையே, கொஞ்சம் குனியேன். உன் மேல இந்தப் பெட்டியச் சாய்ச்சுக்கிடுதேன்,” என்றாள்.

“எனக்கு நிற்கத்தான் தெரியும். குனிய யாரும் சொல்லித் தரவில்லை,” என்றது பனை.

காக்கை பனை மட்டையிலிருந்து எட்டிப் பார்த்தது. அதையும் கேட்டாள். “நான் ஒரு பருக்கையைத் தூக்குவேன். ஒரு பெட்டி பருக்கையை எத்தனை பிறவியில் தூக்குவது?” என்றது காக்கை. அந்த வழியே பொதியோடு ஒரு கழுதை வந்தது. அது நிற்கவில்லை. “நின்றால் அடி விழும். என் முதுகைப் பார்த்துவிட்டுக் கேள் அம்மா,” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டது.

கடைசியாகக் கீழே கிடந்த பலகைக் கல்லைக் கேட்டாள்.

“கல்லே, நீ என் தலை உயரத்துக்கு எழுந்து நின்னா போதும். பெட்டிய உன் மேல நவுத்தி வச்சுட்டு ஒரு மூச்சு விட்டுக்கிடுவேன். திரும்ப எடுக்க யாரும் வேண்டாம். கீழ இறக்குனாத்தான ஏத்தணும்? இறக்காம வைக்கிற மாதிரி ஒரு இடம் இருந்தா போதும்.”

“நீ கேட்பது சரிதான்,” என்றது கல். “அந்த உயரத்தில் வைத்தால் மண் ஒன்றையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நான் எழவும் ஒருவருடைய பாடு வேண்டும். என்னை நிமிர்த்த யார் இருக்கிறார்கள்?”

“யாரும் இல்ல,” என்றாள் வெயிலாட்சி.

அவள் நின்றாள். இடுப்பில் வலி கயிறு போல இறுகியது. இரண்டு கையையும் உயர்த்திப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றைப் பிடிக்கக் கை மிச்சம் இல்லை. பிள்ளை உதைத்தது, பிறகு உதைக்கவில்லை.

“ஏ பெட்டி,” என்று கேட்டாள். “இப்பவாவது சொல்லு. இம்புட்டு நேரமா நிக்கேனே. உனக்குள்ள ஒண்ணுமே வரலையா?”

பெட்டிக்கு நாக்கு இல்லை. நாக்கு இருந்திருந்தாலும் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கும். அவள் நின்ற நேரமெல்லாம் அது அதே உயரத்தில்தான் இருந்தது.

உள்நாட்டு ஊர் எல்லையில் மாடத்தி பொழுது சாயும்வரை வழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நின்னு நின்னு வருவா. பிள்ளத்தாச்சி நடை அப்படித்தான்,” என்றார்கள் மற்றவர்கள். ஊரார் வலுக்கட்டாயமாக அவளை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தபின் அவளால் எழ முடியவில்லை. கிழக்கு வெளுத்ததும், தன் பங்குக் கம்பையும் வாங்காமல் ஓடினாள். வெறுங்கையோடு ஓடினாள்.

பனையடியில் வெயிலாட்சி பலகைக் கல்லின் பக்கத்தில் கிடந்தாள். சும்மாடு தலையிலேயே இருந்தது. பெட்டி கொஞ்சம் தள்ளிக் கவிழ்ந்திருந்தது. தலையில் இருந்தது விழுந்துவிட்டது. வயிற்றில் இருந்தது இறங்கவே இல்லை.

மாடத்தி அவள் வயிற்றில் கையை வைத்தாள். சுடும் மண்ணில் கிடந்தும் அந்த வயிறு குளிர்ந்திருந்தது.

பின்னாலேயே மற்றவர்கள் கம்புப் பெட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள். பார்த்தார்கள். ஒருத்தியாலும் குனிய முடியவில்லை. குனிந்து அவளைத் தொட முடியவில்லை, மார்பில் அடித்துக்கொள்ள முடியவில்லை. பெட்டியைப் பிடித்த கையோடு, கழுத்து நிமிர்ந்தபடி, வரிசையாக நின்று அழுதார்கள். அப்படி ஓர் அழுகையை அந்தப் பொட்டல் பார்த்ததில்லை.

மாடத்தி எழுந்து போய் ஒவ்வொருத்தியின் பெட்டியாக இறக்கினாள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காந்தாரியின் பெட்டியை இறக்கியபோது, “அக்கா” என்று மட்டும் அவள் சொன்னாள்.

புதைக்கும் முன் பலகைக் கல் பேசியது.

“நேற்று அவள் என்னை எழுந்து நிற்கச் சொன்னாள். தன் தலை உயரத்துக்கு நின்றால் போதும் என்றாள்.”

“எங்ககிட்ட ஏன் முந்தியே சொல்லல? எத்தன நடை உன் பக்கத்துல உக்காந்துருக்கோம்,” என்று காந்தாரி கத்தினாள்.

“நான் இத்தனை காலமும் இங்கேதான் கிடந்தேன்,” என்றது கல். “உங்களில் யாரும் கேட்கவில்லை. கேட்டவள் அவள் ஒருத்திதான்.”

வெயிலாட்சியை நெட்டைக் கல்லின் அருகே நீட்டிப் படுக்க வைத்து, கால் முதல் தலை வரை அளந்தார்கள். அந்த உயரம் வெளியே தெரியும்படி இரண்டு நெட்டைக் கற்களையும் நட்டார்கள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து, தம் கட்டி, பலகைக் கல்லைத் தூக்கி அவற்றின் மேல் வைத்தார்கள். அத்தனை பேருடைய பாடும் கல்லுக்குள் ஏறி உட்கார்ந்தது. மண் கீழே காத்திருந்தது. கல் இறங்கவில்லை.

“இது இனி கீழே வராது,” என்றது கல். அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

கல்லின் காலடியிலேயே வெயிலாட்சியைப் புதைத்தார்கள். தலையில் வைத்த பூ கூட இல்லை, சும்மாடுதான் இருந்தது. அதைக் காந்தாரி எடுத்து மாடத்தி கையில் கொடுத்தாள். பிறகு கம்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கல்லின் மேல் ஏற்றி, விளிம்புக்கு நகர்த்தி, பெட்டிக்கு அடியில் தலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். பாயில் கிடக்கும் இருளப்பனிடம் யார் சொல்வது என்று ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மாடத்தி போகவில்லை. கவிழ்ந்து கிடந்த உப்பைச் செம்மண்ணோடு அள்ளி வெயிலாட்சியின் பெட்டியில் போட்டாள். அதை முழங்கால் வரை தூக்கி, அங்கிருந்து மார்பு வரை தூக்கி, மூச்சு வாங்கி, கல்லின் மேல் ஏற்றினாள். வெயிலாட்சியின் சும்மாட்டைத் தன் தலையில் வைத்து, கீழே தலையைக் கொடுத்தாள். பெட்டி நகர்ந்து தலைக்கு வந்தது.

“இதுக்குள்ள யாரு பாடு இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள். பெட்டி பேசவில்லை.

வெயிலாட்சி பெட்டியைப் போட்ட நாள் முதல்தான் சுமைகள் எதுவும் பேசுவதில்லை. இறக்கி வைத்தவர்களின் கைகளும் வலிக்கின்றன. அவளைப் புதைத்த நாள் முதல்தான், வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லை வைத்து, அவள் பெயரால் சுமைதாங்கி நிறுத்துகிறார்கள். அவளுக்கு அது உதவாது என்று நிறுத்துகிறவர்களுக்குத் தெரியும்.

இருளப்பனுக்குக் கம்பு வேண்டும். மாடத்தி உள்நாட்டுப் பக்கம் திரும்பி, அந்த மட்டமான வழியில் நடந்து போனாள்.